அறுபத்திரண்டு லிட்டர்

அண்ணன் இறந்த பிறகு படகு அண்ணியின் பேருக்கு வந்தது. ஓட்டுகிற வேலை தம்பியிடமே இருந்தது. பதினான்கு வருடமாக அவன்தான் அந்தப் படகுக்கு டிரைவர். கழிமுகத்தின் இந்தக் கரையில் ஊர், எதிரே தீவு. காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை, அறுபது பேரை ஏற்றி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. இன்ஜின் இருமினால், டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களில் எது அடைத்திருக்கிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். ஏன் அடைத்தது என்று கேட்டால் மட்டும், "அடைச்சுக்கிச்சு, அவ்வளவுதான்" என்பான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காதிலும் கையிலும் இருந்தது. வாயில் எதுவும் இல்லை.

அண்ணி படகுத்துறையில் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார ஆரம்பித்தாள். சுத்தமான பெண், பேச்சிலும் சுத்தம். தன்னைவிட நான்கு வயது சின்னவனான கொழுந்தனையும் "தம்பி, நீங்க" என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் தீவில் கடை வைத்திருக்கிற ஒருவர் சரக்கு ஏற்றுவது பற்றிப் பேச வந்தார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையாம்மா? தம்பியைக் கொஞ்சம் கூப்பிடேன்" என்றார். அண்ணி அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். படகிலிருந்து இறங்கி வந்த கொழுந்தன் பேசி முடிக்கும்வரை கூண்டுக்குள்ளேயே இருந்தாள். அவர் போகும்போது, "வரேன் முதலாளி" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவனும் தலையாட்டினான். திருத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலையே அண்ணி, டீசல் டேங்கில் விட்டு அளக்கிற குச்சியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். வெட்டுக் குறிகள் போட்ட நீளமான மரக்குச்சி. காலையில் டேங்கை நிரப்பி, மாலையில் ஈரக்குறி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் அன்றைய செலவு தெரியும். "இனிமே நானே அளக்கறேன் தம்பி. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்."

அதுவரை ஒரு பயணத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். நாளுக்கு முப்பத்தாறு லிட்டர் டீசல். பல வருடமாக அதே அளவு. அப்புறம் போட்டிக்கு ஒரு வெள்ளைப் படகு வந்தது. முப்பதே நிமிடத்தில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், மீன்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தார்கள்.

"நாமளும் முப்பது நிமிஷம்" என்றாள் அண்ணி.

"இன்ஜின் தாங்கும் அண்ணி. ஆனா கொஞ்சம் அழுத்தி ஓட்டணும்."

"அழுத்துங்க. யார் வேண்டாம்னா?"

நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது சுற்றில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அவன் ஆயிரத்து எண்ணூறுக்கு ஏற்றினான். படகின் மூக்கு தண்ணீரைக் கிழிப்பதற்குப் பதில் குவித்துத் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் பெரிய அலை எழுந்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். கயிறு கட்டுகிறவனுக்கு முடிச்சு என்று பட்டப்பெயர். அவன், "இப்பதான் நம்ம போட்டு வயசுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றான்.

ஒரு வாரம் கழித்து அண்ணி அவனைக் கூண்டுக்குக் கூப்பிட்டாள். குச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாற்பது நிமிஷம் ஓடினப்ப முப்பத்தாறு லிட்டர். சரியா?"

"சரி."

"இப்ப முப்பது நிமிஷம்தான் ஓடுது. கால்வாசி நேரம் மிச்சம். அப்ப டீசலும் கால்வாசி மிச்சமாகி இருபத்தேழு ஆகணும். ஆகணுமா இல்லையா?"

அவன் யோசித்தான். கணக்கு சரியாகத்தான் பட்டது. "ஆகணும்."

"தினமும் அறுபத்திரண்டு ஆகுது தம்பி."

டீசல் வேகமாக இறங்குகிறது என்று அவனுக்கும் தெரியும். எங்காவது ஒழுகுகிறதோ என்று மூன்று நாளாகக் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்திருந்தான். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை விரலில் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தான். சொட்டு ஒழுகவில்லை.

"இன்ஜின் குடிக்குது அண்ணி. எதனாலன்னு தெரியல."

"மீதி முப்பத்தஞ்சு லிட்டரையும் இன்ஜின்தான் குடிக்குதா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆனால் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது.

அவன் முதலில் அர்த்தம் புரியாமல் நின்றான். புரிந்ததும் முகம் கறுத்துப் போயிற்று. "பம்புக்காரரைக் கூப்பிடுங்க. இன்ஜினை அளந்து பாக்கட்டும். அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பம்புக்காரர் என்றால் டீசல் பம்பும் நாசிலும் சரிபார்க்கிற பட்டறைக்காரர். துறைமுகச் சாலையில் உள்ள எல்லா இன்ஜின்களின் ரகசியமும் தெரிந்தவர். அவருக்கும் டிரைவருக்கும் ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் சரிசெய்து கொடுத்த நாசிலைப் பத்துப் பேர் நடுவில் கையில் தூக்கிக் காட்டி, "இது நாசிலா, பூவாளியா?" என்று டிரைவர் கேட்டிருந்தான். மேலும் இப்போது அண்ணி இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பார்க்கிற வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அளந்தார்கள். பம்புக்காரர் குறி போட்ட ஒரு கண்ணாடிக் கேனை இன்ஜினுக்கு மேலே தொங்கவிட்டார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிக் கேனில் மாட்டினார். இன்ஜின் எரிக்காமல் திருப்பி அனுப்புகிற டீசலுக்கு என்று ஒரு தனிக் குழாய் உண்டு. அதையும் மறக்காமல் கேனுக்குள்ளேயே விட்டார். வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. டிரைவரே மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

"சரி, கயித்தை அவுத்துரட்டுமா?" என்றான் முடிச்சு.

"எதுக்கு?" என்றாள் அண்ணி. "கட்டினபடியே ஓடட்டும்."

டிரைவர் திரும்பினான். "கட்டி வெச்சு அளந்தா எப்படி அண்ணி? கியர் போட்டு, ஆள் ஏத்தி, தண்ணியில ஓட்டி அளக்கணும்."

"ஏன், தண்ணிக்குள்ள போனா இன்ஜின் மாறிடுமா? இதே இன்ஜின்தானே? தண்ணிக்குள்ள போனா ஓட்டப்போறது நீங்க. நீங்க எப்படி ஓட்டுவீங்களோ, யாருக்குத் தெரியும்." பிறகு பம்புக்காரரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. கட்டி வெச்சு அளக்கக் கூடாதா?"

பம்புக்காரர் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கந்தைத்துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அளக்கலாம்" என்றார்.

கட்டின படகில், கியர் போடாமல், ஆயிரத்து எண்ணூறு சுற்றில் அரைமணி நேரம் இன்ஜின் ஓடியது. துறையில் வேடிக்கை பார்க்க ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நிறுத்தியதும் பம்புக்காரர் குனிந்து குறியைப் பார்த்தார். "ரெண்டரை லிட்டர்."

"ஆறு நடைக்கு மூணு மணி நேரம். அப்படின்னா பதினஞ்சு" என்றாள் அண்ணி. சிரித்தாள். அவன் இதுவரை அவளிடம் பார்த்திராத சிரிப்பு. "நான்தான் முட்டாள். இருபத்தேழுன்னு தாராளமாச் சொல்லியிருக்கேன்."

"அண்ணே, வாயைத் திறந்து சொல்லுங்க" என்று டிரைவர் பம்புக்காரரின் சட்டையைப் பிடித்தான். "சுமை இல்லாம ஓடினா குறைச்சலாத்தானே குடிக்கும்? சொல்லுங்க!"

"சட்டையை விடு."

"இன்ஜின்ல கோளாறு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள் அண்ணி.

"இல்லை. இன்ஜின் நல்லா இருக்கு" என்றார் பம்புக்காரர். அது உண்மைதான்.

கூட்டத்தில் யாரோ, "கூடப் பொறந்தவன் செத்து ஒரு வருஷம் ஆகலை" என்றார்கள். டிரைவர் சட்டையை விட்டான். அண்ணி கையை நீட்டினாள். அவன் இன்ஜின் அறைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து அந்தக் கையில் வைத்தான். பதினான்கு வருடமாக அந்தச் சாவி உரசி உரசி அவன் இடுப்பில் ஒரு தழும்பே இருந்தது.

வீட்டில் மனைவி கதவருகே காத்திருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. சாப்பாடு போட்டாள். அவன் கை கழுவும்வரை எதுவும் கேட்கவில்லை.

"என்னங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க வித்தீங்க?"

"எதை?"

"டீசலை."

அவன் அவளையே பார்த்தான். "நான் எடுக்கலை."

"அம்பது பேர் முன்னாடி அளந்திருக்காங்க. உங்க அண்ணி பொய் சொல்லலாம். கேனுமா பொய் சொல்லும்?"

"எடுத்திருந்தா அது இந்த வீட்டுக்குத்தானே வந்திருக்கும்? வந்துதா? உன் கழுத்துல காதுல ஏதாவது ஏறியிருக்கா?"

தன் பக்கம் பேசுகிற சாட்சி என்று நினைத்துத்தான் அதைச் சொன்னான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"அதான் நானும் யோசிக்கிறேன். இந்த வீட்டுக்கு வரலை. அப்ப எந்த வீட்டுக்குப் போச்சு?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மூன்றாவது பெண் குடியேறினாள். அவளுக்கு முகமில்லை, முகவரி இல்லை. ஆனால் அவன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அவள் வீட்டுக்குப் போய் வந்ததாக அர்த்தம். சீக்கிரம் வந்தால் அவளோடு சண்டை என்று அர்த்தம். ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டாள். "எல்லாரும் என்னை டீசல்னு கூப்பிடறாங்கம்மா" என்றாள். அழவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எந்தப் படகுக்காரனும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கை நீளம் என்று பேர் வாங்கிய டிரைவரை யார் டேங்க் பக்கத்தில் விடுவார்கள்? ஐஸ் ஆலையில் பாளம் இழுக்கிற வேலை கிடைத்தது. இன்ஜின் சூட்டில் பழகிய கை ஐஸில் வெடித்தது. விரல் இடுக்கெல்லாம் பிளந்து, உப்பு பட்டால் உயிர் போயிற்று.

படகுக்குப் புது டிரைவர் வந்தான். மணல் படகு ஓட்டியவன். பருத்த உடம்பு, பேச்சுக் கிடையாது. முதல் நாள் மாலை அண்ணி குச்சியை விட்டுப் பார்த்தாள். அறுபத்து மூன்று. மறுநாள் அறுபத்தொன்று.

இவனும் திருடன் என்றுதான் முதலில் நினைத்தாள். நாள் முழுக்கப் படகிலேயே இருந்து பார்ப்பது என்று முடிவு செய்து, டேங்க் மூடியின்மேல் பலகை போட்டு உட்கார்ந்தாள். சாப்பாடும் அங்கேயே. ஐந்து நாள், ஒரு சொட்டு அவள் கண்ணில் படாமல் எங்கும் போக வழியில்லை. ஐந்து நாளும் அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று.

ஆறாம் நாள் அவள் பம்புக்காரரின் பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு நாசிலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோல டீசல் பீறியது.

"அண்ணே, டீசல் எங்க போகுது?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அவருக்குத் தெரியும். நாசிலைக் கீழே வைத்தார்.

"இடுப்பளவு தண்ணியில நடந்திருக்கீங்களா? மெதுவா நடந்தா ஒண்ணும் தெரியாது. அதே தண்ணியில ஓடிப் பாருங்க. பத்தடியில மூச்சு வாங்கும். படகும் அப்படித்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினா தண்ணி அதைவிடப் பலமடங்கு எதுத்துத் தள்ளும். நாற்பது நிமிஷத்தை முப்பது ஆக்கினா, மணிக்குக் குடிக்கிறது ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். நேரம் கால்வாசிதான் மிச்சம். கூட்டிக் கழிச்சுப் பாத்தா அறுபத்திரண்டு சரியா வரும்."

"கட்டி வெச்சு ஓட்டினா?"

"தள்ள வேண்டியது எதுவுமே இல்லையே. சும்மா சுத்தும்."

"இது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"இன்ஜின்ல கோளாறான்னு கேட்டீங்க. கோளாறு இல்லை. சொன்னேன். போட் எவ்வளவு குடிக்கும்னு நீங்க கேக்கலை."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்" என்றார்.

அவள் வெளியே வந்து சாலையோரம் நின்றாள். அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் எடுக்கவில்லை என்பது, அவன் எடுத்ததைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. இப்போது ஊர் முன்னால் போய் நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தக் கூண்டுக்குள் அவளுக்கு என்ன மரியாதை? கடைக்காரர்கள் மறுபடி எட்டிப் பார்த்துத் தம்பியைக் கூப்பிடச் சொல்வார்கள். நடந்துகொண்டே யோசித்தாள். துறைக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஐஸ் ஆலைக்குப் போனாள். இருபது பேர் வேலை செய்கிற முற்றத்தின் நடுவில் நின்று கூப்பிட்டாள். "தம்பி!"

அவன் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு. உங்க அண்ணன் முகத்துக்காக நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். மன்னிச்சுட்டேன். புது டிரைவரை அனுப்பிட்டேன். நாளைக்கு வந்து படகை எடுங்க."

"நான் எடுக்கலை அண்ணி."

"அதைத்தான் விடுங்கங்கறேன். நான் கேட்டேனா? இனிமே கேக்கவும் மாட்டேன்."

"நான் எடுக்காததுக்கு எதுக்கு மன்னிப்பு?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, வலிக்கிற பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவர்களுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. மேஸ்திரி அவன் முதுகில் தட்டி, "போய்யா, இப்படி ஒரு அண்ணி யாருக்குக் கிடைக்கும்?" என்றார்.

அவன் கையைப் பார்த்தான். வெடிப்புகளில் ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் படகுக்குப் போனான்.

போனபோது கூண்டின்மேல் புதுப் பலகை தொங்கியது. பயணிகளின் பாதுகாப்பைக் கருதி இன்று முதல் பயண நேரம் நாற்பது நிமிடம். அதிவேகத்தால் வெள்ளைப் படகில் முந்தின வாரம் ஒரு கிழவர் வழுக்கி விழுந்திருந்தார், ஆகவே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பழைய சுற்றில், பழைய சத்தத்தில் இன்ஜின் ஓடியபோது அவனுக்குக் கண் கலங்கியது.

மாலை கடைசி நடை முடிந்து ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது அண்ணி குச்சியோடு வந்தாள். டேங்கில் விட்டு எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"முப்பத்தேழு!"

முடிச்சு சொன்னான், "பாத்தீங்களாய்யா, கை நின்னதும் டீசலும் நின்னுடுச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. திருந்தி வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற அன்பான சிரிப்பு. ஒரு பெரியவர் இறங்கும்போது அவன் தோளைத் தொட்டு, "இப்படியே இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் அவனுக்குப் புரிந்தது. வேகத்தையும் டீசலையும் அவன் மனம் முதன்முறையாக ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தது. நேராகப் பம்புக்காரரின் பட்டறைக்குப் போனான்.

"வேகம்தான் குடிச்சுதா?"

"ஆமா."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"முந்தாநாளே வந்து கேட்டுட்டுப் போனாங்களே. உன்கிட்டச் சொல்லலையா?" என்றார். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது.

"ஒரே ஒரு தடவை துறைக்கு வந்து இதைச் சொல்லுங்கண்ணே. அன்னிக்கு நான் பேசினது தப்பு. கால்ல வேணா விழறேன்."

விழுந்தும்விட்டான். பம்புக்காரர் பதறி எழுந்தார். "ஐயோ, எழுந்திரு. நான் வந்து சொன்னா, அன்னிக்கு ஏன் சொல்லலைன்னு என்னைத்தானே கேப்பாங்க? எனக்கும் குடும்பம் இருக்கு. நீயா செஞ்சு காட்டு, எல்லாரும் நம்புவாங்க. என் பேரை மட்டும் இழுத்துடாதே."

நீயா செஞ்சு காட்டு. அந்த வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் பொறுத்தான். தினமும் முப்பத்தாறு, முப்பத்தேழு. வீட்டில் மனைவி மறுபடி அவனோடு பேச ஆரம்பித்திருந்தாள். அவள் கணக்கில் டீசல் மிச்சமாவதென்றால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவன் போவதில்லை என்று பொருள். "பழசெல்லாம் விடுங்க. நான்தான் மன்னிச்சுட்டேனே" என்றாள் ஒருநாள், அவன் தட்டில் சாதம் வைத்தபடி. அவனுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளே செய்துவிடுவது என்று தீர்மானித்தான்.

காலை முதல் நடையிலேயே பயணிகளிடம் உரக்கச் சொன்னான். "இன்னிக்கு முப்பது நிமிஷத்துல போறோம். ஆறு நடையும் அப்படித்தான். சாயங்காலம் வந்து குச்சியைப் பாருங்க. நான் ஒரு நிமிஷம்கூடப் படகைவிட்டு இறங்க மாட்டேன். சந்தேகம்னா யாராவது என்கூடவே இருங்க." யாரும் கூட இருக்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. அவன் ஆயிரத்து எண்ணூறுக்கு ஏற்றினான். நாள் முழுக்கப் படகைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர்கூட முடிச்சுதான் கொண்டுவந்து கொடுத்தான்.

மாலை துறையில் முப்பது பேர் நின்றார்கள். அண்ணி வந்து குச்சியை விட்டாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கி, ஈரக்குறியை எல்லோரிடமும் காட்டினான்.

"அறுபத்திரண்டு! பாத்துக்கங்க. வேகமாப் போனா தண்ணி எதுக்கும், அதான் குடிக்குது. நான் எடுக்கலை. அன்னிக்கும் எடுக்கலை."

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு ஆசிரியர் ஏதோ யோசிப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார். இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

"தம்பி" என்றாள் அண்ணி. குரலில் அவ்வளவு கனிவு. "பத்து நிமிஷம் குறைச்சலா ஓடின இன்ஜின் இருபத்தஞ்சு லிட்டர் கூடக் குடிக்குமா? யாருக்குக் காது குத்தறீங்க? ரெண்டு மாசம் ஒழுங்கா இருந்தீங்க. இன்னிக்கு ஒரு நாள் கை அரிச்சிடுச்சு. பரவாயில்லை, கெட்ட பழக்கம் ஒரேயடியா விடாது. அதுக்காகக் கூட்டம் கூட்டிக் கதை சொல்லணுமா?"

யாரோ சிரித்தார்கள். அதோடு எல்லோருக்கும் பாரம் இறங்கியது. ஆசிரியரின் நெற்றி நேரானது. "சொல்லுங்க அண்ணி" என்று அவன் கத்தினான். "உங்களுக்குத் தெரியும்! பம்புக்காரர் உங்ககிட்டச் சொன்னாரு!" எல்லோரும் திரும்பினார்கள். டீக்கடை வாசலில் பம்புக்காரர் நின்றிருந்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "எனக்கு எதுவும் தெரியாது சாமி, என்னை விட்டுருங்க" என்று சொல்லி நடந்துவிட்டார்.

அண்ணி அவன் கையிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு நாற்பது நிமிஷம். நீ ஞாபகம் வெச்சுக்க" என்றாள். அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டில் மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தீவில் அவளுடைய அக்கா இருக்கிறாள்.

"இன்னிக்குப் போயிருக்கீங்க."

"படகைவிட்டு இறங்கலைடி. முடிச்சைக் கேளு."

"முடிச்சு உங்க கூட்டாளி. அவரையா கேக்கணும்?" அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "ரெண்டு மாசம் நம்பினேங்க. ராவும் பகலும் நம்பினேன். முழுசா நம்பி முடிக்கறதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டீங்களே."

தீவுக்குப் போக அவனுடைய படகைத் தவிர வேறு வழியும் இருந்தது. வெள்ளைப் படகில் போயிருக்கலாம். ஆனால் அது எட்டு மணிக்குத்தான் கிளம்பும், அவளுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். அண்ணி கூண்டைவிட்டு இறங்கி வந்து, "உனக்கு எதுக்கும்மா டிக்கெட்?" என்று சொல்லிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு படகுவரை வந்தாள். ஏறும்போது மனைவியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்" என்றாள். மனைவி அழுதாள்.

படகு கிளம்பியது. மனைவி முன்பக்கம், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் ஆயிரத்து முந்நூற்றைம்பதில் வைத்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாதி வழி போனதும் மகள் எழுந்து, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து அவனிடம் வந்தாள். சுக்கானில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மாகிட்டச் சொல்லக் கூடாது."

"கேளு."

"அந்த வீட்டுல என்னை மாதிரி பொண்ணு இருக்காளா?"

"அப்படி வீடே இல்லடி செல்லம்."

"அப்ப டீசல் எங்கப்பா போச்சு?"

அவன் பின்னால் கையைக் காட்டினான். படகு போட்ட கோடு மெல்ல விரிந்து இருபக்கமும் கரைந்துகொண்டிருந்தது. "தண்ணிக்குப் போச்சு. வேகமாப் போனா தண்ணி வழி விடாது. தள்ளித்தள்ளியே எல்லாம் தீர்ந்து போயிடும்."

மகள் தண்ணீரைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, பெரியவர்கள் பொய் சொல்லும்போது நல்ல பிள்ளைகள் ஆட்டுகிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடம் திரும்பிப் போனாள்.

தீவில் முடிச்சு குதித்துக் கயிற்றைக் கட்டினான். இருவரும் இறங்கினார்கள். அவளுடைய அக்கா கரையில் காத்திருந்து பையை வாங்கிக்கொண்டாள். அவன் இன்ஜினை நிறுத்தவில்லை. திரும்பிப் போகிற நடைக்கு மீன் கூடைக்காரர்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி ஏறும்போதே, "இன்னிக்கு எத்தனை நிமிஷம் டிரைவர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"நாற்பது" என்றான் அவன்.